சேது வழியும் சேதுக்கரை வாழ்வும்

அகநானூற்றின் எழுபதாம் பாட்டு, வரலாற்று ஆய்வாளர் பலராலும் எடுத்தாளப்பெறும் சிறப்புடையது. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய இந்நெய்தற் பாட்டில், பாண்டியர்க்குரிய பழம்பதியாகிய கோடி சுட்டப்படுகிறது. அக்கோடியின் கடற்றுறையில் இராமன் அரியதொரு செய்தி குறித்துச் சூழ்ந்தபோது, பறவையொலி மிக்க ஆலமரம் ஒலியவிந்து நின்றது. அதுபோலத் தலைவியின் மணம் உறுதியானதும் ஊரார் தூற்றிய அலர் அடங்கியது என்பது அப்பாட்டின் உவமை. கோடி என்பது இன்றைய தனுஷ்கோடியே என்பர் அறிஞர். இராம காதைக்கும் சேதுக்கரைக்கும் உள்ள தொடர்பின் தொன்மையை நிறுவுதற்கு இவ்வுவமையே சான்றாகக் காட்டப்படுகிறது.

ஆயின் அப்பாட்டு இராமனிடத்தே தொடங்கவில்லை; புலால் மணக்கும் சிறுகுடி ஒன்றிலே தொடங்குகிறது. வேட்டம் வாய்த்த பரதவர், வலை தந்த வளத்தைப் போற்றி, அயிலை மீனைப் பகுத்தளிக்கின்றனர். ஒரே பாட்டில் இரு காட்சிகள்: ஒன்று, கடலைக் கடக்கக் கருதி வந்து தங்கியவனின் துறை, மற்றொன்று, கடலை நம்பி அங்கேயே வாழ்வோரின் குடி. பின்வந்த நூற்றாண்டுகள் முதற்காட்சியைப் போற்றின, இரண்டாவதை மறந்தன.

இராமநாதபுரம் - இராமேசுவரம் கரையோர மக்களின் வீடு, தொழில், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றின் வரலாறு இந்த மறதியின் வரலாறே எனலாம். கடந்து செல்வோர்க்கு இக்கரை வழி. தங்கி வாழ்வோர்க்கு இதுவே ஊர். வழிக்கு வேண்டியவை விரைந்து செய்யப்பட்டன. ஊருக்கு வேண்டியவை காத்திருந்தன. இதனை வரலாற்று நிகழ்ச்சிகள்வழி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் கடலும்

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 1910-ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1985-ஆம் ஆண்டு அது மூன்றாகப் பிரிந்தபோது, இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள் தனித்து நின்றன. எஞ்சிய இராமநாதபுரத்திற்கு வாய்த்தது வறண்ட சமவெளியும் நெடிய கடற்கரையுமே. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் இம்மாவட்டத்திற்கு உரியது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 13,53,445 பேர்.

இராமேசுவரம் தீவின் வடபால் பாக்கு நீரிணை. தென்பால் மன்னார் வளைகுடா. அலை குறைந்த வடகடலைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் மீனவர் வழங்குவர். வாடைக்காற்று வீசுங்கால் வடகடல் சீறும். தென்மேற்குக் காற்றின் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். எனவே பருவந்தோறும் ஒரு கரையினின்று மறு கரைக்கு மாறித் தொழில் செய்வது இங்குள்ள மீனவர் வழக்கம். ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் வீடு என்பதை விடக் காற்றறிந்து நகரும் குடில் என்பதே அவர்தம் தொழிலுக்கு ஏற்றதாயிற்று. பிற்காலத்தில் ‘இது யாருடைய நிலம்?’ என்ற கேள்வி எழுந்தபோது, இந்நகர்வே அவர்களுக்கு எதிரான சான்றாகவும் ஆகிவிடும் நிலை தோன்றியது.

உள்நாட்டு ஊர்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. மழைநீரைத் தேக்கும் கண்மாய் உழவுக்கு, ஊருணி குடிநீருக்கு. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று மக்கள் வியந்துரைக்கும் இராசசிங்கமங்கலம் பெரிய கண்மாய், நாரையும் ஒரே மூச்சில் பறந்து கடக்கவியலாத பரப்புடையது என்னும் பெருமிதத்தைச் சுமந்து நிற்கிறது. ஆறு வற்றும் நாட்டில் ஏரியே உயிர் என்பதை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

சேதுகாவலரும் சத்திரங்களும்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், போகலூர்ச் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்று ஆட்சியுரிமை அளித்தார். இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்க்குக் கள்வர் அச்சம் நீக்கிக் காவல் தருவது அவ்வுரிமையோடு வந்த கடமை. சேதுபதி என்னும் பட்டமே வழிகாத்தலைக் குறிப்பதாகும். கிழவன் சேதுபதி காலத்தில் தலைநகர் போகலூரிலிருந்து இராமநாதபுரத்திற்கு மாறிற்று.

சேதுபதியரின் அறக்கொடைகள் பல. டாக்டர் எஸ்.எம். கமால் தொகுத்தளித்த சேதுபதி மன்னர் செப்பேடுகள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் சத்திரங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் வழங்கப்பட்ட நிலக்கொடைகளை அறிவிக்கின்றன. சேதுச் சாலை நெடுகிலும் சத்திரங்கள் எழுந்தன. பசித்து வருவோர்க்குச் சோறும், களைத்து வருவோர்க்குத் திண்ணையும், தண்ணீர்ப் பந்தலும் கிடைத்தன. இவ்வறத்தின் பெருமையைக் குறைத்து மதிப்பிடல் தகாது. காசியிலிருந்து கால்நடையாக வந்த முதியோர் எண்ணற்றோர் இச்சத்திரங்களாலேயே உயிர் தரித்தனர்.

எனினும் இக்கரையின் ஊர்ப்பெயர்களை நோக்குக: மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம். இவை யாவும் தங்கிச் செல்வோர்க்கான இடங்களின் பெயர்கள். வழிப்போக்கரின் தங்கலே ஊரின் பெயராக நிலைத்தது. ஊரில் நிலையாக வாழ்ந்தோரின் தொழிலும் வழியைச் சார்ந்தே வளர்ந்தது. பாம்பன் நீரிணையில் தோணி விடுவோர், சுமை தூக்குவோர், தீர்த்தமாட்டுவோர், சங்கும் பாசிமணியும் விற்போர் எனப் பலரும் வருவோரை எதிர்நோக்கியே வாழ்ந்தனர்.

இதற்கு மாறாகக் கடலையே முதலாகக் கொண்ட தொழில்களும் செழித்திருந்தன. வைகை கடலொடு கலக்கும் பகுதியிலுள்ள அழகன்குளத்து அகழாய்வில் கிடைத்த உரோமானிய நாணயங்கள், சங்க காலத்திலேயே இக்கரை பன்னாட்டு வணிகத்தில் பங்கு கொண்டதைக் காட்டுகின்றன. பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பானை ஓடுகள் இடைக்கால வணிகத்திற்குச் சான்று. கீழக்கரை மரைக்காயர்களின் மரக்கலங்கள் கடல் கடந்து சென்றன. மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு வங்காளம் சென்று அந்நாட்டுப் பெண்டிரின் வளையல் ஆயிற்று. ஆயினும் மூச்சடக்கிக் குளித்தவனின் பங்கு சிறிதே. முத்துக்குளிப்பிலும் சங்குக்குளிப்பிலும் உரிமை அரசுக்கும் குத்தகைதாரர்க்கும் உரியதாயிருந்தது.

1803-ஆம் ஆண்டு நிலையான நிலவரித் திட்டத்தின்கீழ் மங்களேசுவரி நாச்சியார் பெயரில் சேது நாடு ஜமீன் ஆயிற்று. ஆட்சியுரிமை போய், கும்பெனிக்குப் பேஷ்குஷ் கட்டும் கடமை வந்தது. வழக்குகளும் கடன்களும் ஜமீனை வாட்டின. கண்மாய்களின் பராமரிப்பு குன்றிற்று. கரை உடைந்த கண்மாயின்கீழ் உழவு நிலைப்பதில்லை. உழவு நிலைக்காத ஊரில் குடியும் நிலைப்பதில்லை. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் இவ்வமைப்பு முடிவுக்கு வந்தபோது, நீர்நிலைகளில் பல முன்னரே தூர்ந்து போயிருந்தன.

கடல் கடந்த கூலிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேது வழியே புதியதொரு கூட்டம் நடக்கத் தொடங்கிற்று. அது திருத்தலப் பயணிகளின் கூட்டம் அன்று, கூலிகளின் கூட்டம். இலங்கையில் வெள்ளையர் காப்பித் தோட்டங்கள் அமைத்தபோது, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். கடலைத் தோணியில் கடந்து, மன்னாரிலிருந்து மலைநாடு வரை காட்டுவழியே நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் இப்பெயர்ச்சியை மேலும் பெருக்கிற்று. காப்பிக்குப் பின் தேயிலை வந்தது, ஆள்தேவை குறையவில்லை.

தொற்றுநோய் இலங்கைக்குள் நுழையாதிருக்கும் பொருட்டு மண்டபத்தில் முகாம் ஒன்று அமைந்தது. இந்திய மண்ணில் இருப்பினும் அது இலங்கை அரசின் பொறுப்பில் நடந்தது. தோட்டத்திற்குச் செல்வோர் அங்கே சில நாள் தங்க வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கும் அம்மைப்பால் குத்தலுக்கும் உட்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். சத்திரம் வழிப்போக்கனை விருந்தாக ஏற்றது. முகாம் அவனை எண்ணாக ஏற்றது. மண்டபம் என்ற ஒரே பெயருக்குள் இவ்விரு காலங்களும் அடங்கியுள்ளன.

இருப்புப்பாதை தந்த ஊர்

1902-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப்பாதை வந்தது. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வருங்கால் இருபுறமும் மேலெழுந்து வழிவிடும் தூக்குக் கண்ணுடன், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுடைய அப்பாலம், தீவை முதன்முறையாக நிலத்தோடு பிணைத்தது. சென்னை எழும்பூரில் வண்டியேறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் வண்டியேறிக் கொழும்பு அடையலாம். இவையனைத்திற்கும் பயணச்சீட்டு ஒன்றே. ‘போட் மெயில்’ என்ற பெயர் தென்னாட்டு மக்களின் வாயில் நிலைத்தது.

இவ்வழியே தனுஷ்கோடியை ஊராக்கிற்று. தொடர்வண்டி நிலையம், துறைமுக அலுவலகம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி, கோயில், தேவாலயம், தொடர்வண்டிப் பணியாளர் குடியிருப்பு எனச் சிற்றூருக்குரிய அனைத்தும் ஒரு தலைமுறைக்குள் எழுந்தன. மீனவர் வாழ்ந்த மணல்திட்டில் மாதச் சம்பளக்காரர் குடியேறினர். சுமைகூலி, கடை, உணவு விடுதி, கருவாட்டு ஏற்றுமதி எனத் தொழில்கள் பெருகின.

வழி தந்த வாழ்வு வழியின் விருப்பத்திற்கு உட்பட்டது என்பதற்கு டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாறு நல்ல சான்று. அவர்தம் தந்தையார் இராமேசுவரத்திற்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் செல்லப் படகொன்று கட்டினார். அது புயலில் அழிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாள் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்டன. அவற்றை எடுத்துத் தரும் வேலையே சிறுவர் கலாமின் முதல் ஊதியமாயிற்று. ஊரில் நில்லாது விரையும் வண்டியிலிருந்து விழுவதைக் கொண்டு வாழ்வது ஒரு சிறுவனின் கதை மட்டுமன்று. அக்கரையின் பொருளியலே அதுதான்.

நாற்பத்தாறு நாள்

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயல் இவ்வமைப்பை ஒரே இரவில் அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் வண்டியைக் கடல் விழுங்கிற்று. வண்டியில் இருந்தோர் 115 பேர் என்பது அலுவல்முறைக் கணக்கு. சீட்டின்றிச் சென்றோரையும் சேர்த்தால் மிகுதியாதல் கூடும் என்பர். நிலையமும் அலுவலகங்களும் பள்ளியும் தேவாலயமும் இடிந்தன. மணலுக்கு மேல் நின்றவை சில சுவர்களே. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்புத் தூலங்கள் சரிந்தன. தூக்குக் கண் தப்பியது.

இதன்பின் நிகழ்ந்தவை கருதத்தக்கன. பாலத்தைச் செப்பனிட ஆறு மாதம் ஆகும் என முதலில் கணிக்கப்பட்டது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு அப்பணியை 46 நாளில் முடித்தது. இந்தியத் தொடர்வண்டித் துறை வரலாற்றில் இஃது ஓர் அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடமென அரசால் அறிவிக்கப்பட்டது. அங்குச் சென்ற இருப்புப்பாதை மீண்டும் இடப்படவில்லை. இலங்கைக் கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்படலாயிற்று. 1980-களின் முற்பகுதியில் இலங்கை இனப்போர் மூண்டபோது அதுவும் நின்றது.

வழி 46 நாளில் மீண்டது, ஊர் மீளவேயில்லை. புயலடிக்கும் மணல்திட்டில் மக்களைக் குடியமர்த்தல் ஆபத்து என்ற அரசின் கருத்தில் நியாயம் உண்டு. எனினும் தகுதியற்ற இடம் என்று அறிவிப்பது ஒரு செயல். அங்கு வாழ்ந்தோர்க்குத் தொழிலோடு பொருந்திய வேறிடம் அமைத்துத் தருவது மற்றொரு செயல். முன்னது ஓர் ஆணையால் முடிந்துவிடும். பின்னது முடியவில்லை என்பதற்கு, மீனவர் மீண்டும் அங்கேயே சென்று குடில் அமைத்ததே சான்று.

குடிலும் மணலூற்றும்

மாதச் சம்பளக்காரர் போயினர். மீனவர் திரும்பி வந்தனர். பனங்கம்புகளை நட்டு, ஓலையால் வேய்ந்து, மறைப்பும் ஓலையாலேயே கட்டிக் கம்பிப்பாடு முதலிய இடங்களில் குடும்பங்கள் வாழ்ந்தன. காற்று மாறினால் குடிலும் மாறும். மணலைச் சிறிது தோண்டினால் நன்னீர் ஊறும். இருபுறமும் உப்புக்கடல் சூழ்ந்த நிலத்தில் இயற்கை வைத்த இவ்வூற்றே அவர்களின் குடிநீர். மின்கம்பம் எட்டாத இடத்தில் விளக்கொளிக்கு மண்ணெண்ணெயும், பின்னாளில் கதிரொளித் தகடுகளும் துணையாயின. பள்ளி ஒன்று வந்தது. பிடித்த மீனைச் சந்தை சேர்க்க மணலில் பல கல் கடக்க வேண்டியிருந்தது.

1988-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பாம்பன் சாலைப்பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் தீவில் நோயுற்றவரை மதுரைக்குக் கொண்டு செல்ல வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வகையில் சாலைப்பாலம் ஊருக்கும் உதவிய வழியாகும். 2017-ஆம் ஆண்டு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலை நீட்டப்பட்டது. மீன் விரைந்து சந்தை சேர்ந்தது. பிள்ளைகள் மேற்படிப்புக்குச் செல்வது எளிதாயிற்று. சங்குப்பொருளும் பொரித்த மீனும் விற்கும் கடைகள் எழுந்தன. அதே சாலை நிலத்தின் மதிப்பையும் உயர்த்திற்று. மதிப்பு உயர்ந்த நிலத்தில் பட்டா இல்லாதவன் குடியிருப்பது எளிதன்று. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை பெருங்கட்டடங்களைத் தடுக்க எழுந்தது. சிறுகுடிலுக்கும் அது பொருந்திற்று. 2025-ஆம் ஆண்டு தனுஷ்கோடிப் பகுதி பெரும் பூநாரைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசை வரும் பறவைக்கு உரிய இடம் சட்டத்தால் உறுதியாதல் வரவேற்கத்தக்கதே. வலசை மாறி வாழும் மனிதர்க்கும் அத்தகைய உறுதி வேண்டும் என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.

எல்லைக்கோடும் கடல்தொழிலும்

நிலத்தில் நிகழ்ந்தது கடலிலும் நிகழ்ந்தது. சேதுபதி ஜமீனின் உடைமையாகக் கருதப்பட்ட 285 ஏக்கர் கச்சத்தீவு, 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலங்கைக்குரியதாக ஏற்கப்பட்டது. வலை உலர்த்தவும் இளைப்பாறவும் அந்தோணியார் திருவிழாவிற்குச் செல்லவும் அதில் இடமிருந்தது. 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடித்தலை விலக்கிற்று. கோடு வரைந்தோர் வரைபடத்தை நோக்கினர். மீன் வரைபடம் அறியாது. மீனைத் தொடர்ந்தவன் துன்புற்றான். 1983-க்குப்பின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரும் சிறைப்பட்டோரும் படகிழந்தோரும் பலர்.

எனினும் முழுப்பழியையும் எல்லைக்கோட்டின்மீது சுமத்துதல் வரலாற்று நேர்மை ஆகாது. விசைப்படகுகளின் இழுவலை கடலடியை வாரிச் செல்கிறது. இதனால் முதலில் நலிந்தவர் இக்கரை நாட்டுப்படகு மீனவரே. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகிற்கு, நான்கு நாள் நாட்டுப்படகிற்கு என்ற ஏற்பாடு அவர்களிடையே எழுந்த மோதலின் விளைவாகும். போரினால் பல்லாண்டு கடலிறங்க முடியாதிருந்த வட இலங்கைத் தமிழ் மீனவர், மீண்டும் வலைவீச வந்தபோது அதே இழுவலையால் இழப்புற்றனர். 2017-ஆம் ஆண்டு இலங்கை இழுவலையைத் தடை செய்தது. அவ்வாண்டே தமிழ்நாட்டு விசைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்பிற்கு மாற்றும் திட்டமும் தொடங்கிற்று. இருகரையிலும் பசித்திருப்பவர் ஒரே மொழி பேசுவோர் என்பதே இதன் துயரம்.

1986-ஆம் ஆண்டு மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறையும் கடற்புல்லும் கடற்பசுவும் காக்கப்பட வேண்டியவையே. ஆயின் அத்தீவுகளைச் சூழ்ந்து பாசி எடுத்த பெண்கள் அன்றுமுதல் அத்துமீறுவோர் ஆயினர். சின்னப்பாலம் முதலிய ஊர்ப் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை முதலியவற்றைப் பறித்துச் சாக்கில் நிரப்புவர். பாறை கிழிக்கும், சொறிமீன் சுடும். அப்பாசியிலிருந்து பெறும் அகரும் ஆல்ஜினும் மருந்துக்கும் உணவுக்கும் துணியாலைக்கும் பயன்படுகின்றன. தடைக்கு மறுமொழியாக அப்பெண்கள் பாசி எடுக்கும் நாள்களைத் தாமே வரையறுத்துக்கொண்டு, பாசி மீண்டும் தழைக்க இடைவெளி விட்டனர்; அலுவலர்களோடு பேசி அடையாள அட்டையும் பெற்றனர். இயற்கை காத்தலில் வாழ்வோரும் பங்காளிகளே என்பதை நிறுவியவர் இவர்கள். கொரிய நாட்டு ஜெஜு தீவில் மூழ்கித் தொழில் செய்யும் பெண்டிரின் மரபை 2016-ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேதுக்கரைப் பெண்டிரின் மூச்சுக்கும் அதே மதிப்பு உண்டு.

ஊருணியும் வெளியூர்ப் பணமும்

கரையினின்று உள்ளே சென்றால் துன்பத்தின் பெயர் தண்ணீர். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்று அலுவலரை அச்சுறுத்தும் வழக்கில் இராமநாதபுரமே பலகாலம் நினைக்கப்பட்டது. அலுவலர்க்குத் தண்டனையாகத் தோன்றிய இடம் பிறர்க்குப் பிறந்த மண் என்பதை அவ்வழக்கு எண்ணிப் பார்க்கவில்லை. ஊருணியில் நீர் சுமந்து வருவது பெண்ணின் வேலை. அவள் நாளின் பெரும்பகுதி குடத்தோடு கழிந்தது. பள்ளி செல்லும் பெண்ணின் காலையும் குடத்தோடு போயிற்று. நரிப்பையூரில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது. பின்னர்க் காவிரி நீர் குழாய்வழி மாவட்டத்திற்கு வந்தது. நெடுந்தொலைவிலிருந்து நீர் வந்தபோது அருகிலிருந்த ஊருணி மறக்கப்பட்டது. குழாய் வற்றும் கோடையில் மட்டும் அதன் அருமை நினைவுக்கு வருகிறது.

மானாவாரி நிலத்தின் பெருமை முண்டு மிளகாய். 2023-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மழை தவறிய ஊர்களில் சீமைக் கருவேலம் வயலை ஆக்கிரமித்தது. உழவன் அதையே வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி வயிறு வளர்த்தான். நிலத்தைக் கெடுத்த மரமே அடுப்பெரிய உதவியது. வாலிநோக்கத்தில் 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம் பலருக்குக் கூலி வேலை தந்தது. வெயிலில் வெண்மை நோக்கிக் கண் கூசும் வேலை அது. சாயல்குடிப் பக்கத்துப் பனைமரங்கள் கருப்பட்டியும் ஓலைப்பெட்டியும் தந்தன.

இவை போதாதபோது இளைஞர் புறப்பட்டனர். முன்னோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றனர்; பின்னோர் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். கூரைவீடுகள் காரைவீடுகளாயின. ஆனால் அவ்வீட்டைக் கட்டியவன் ஈராண்டுக்கொருமுறை விருந்தாளியாய் வந்து போகிறான். வீட்டின் தரம் உயர்ந்தது; வீட்டில் வாழும் நாள் குறைந்தது. வாழ்க்கைத் தரத்தை அளப்போர் சுவரை அளப்பர். இவ்வின்மையை அளக்கும் கோல் அவர்களிடம் இல்லை.

மீண்டு வந்தோரின் முகாம்

1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என முடிவாயிற்று. சேது வழியே சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் சேது வழியே திரும்பினர். ஊர் என்று அவர்கள் கேட்டறிந்த ஊரில் அவர்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. 1983-க்குப்பின் போருக்கு அஞ்சி ஏதிலியர் வந்தனர். முன்பு கூலிகளைத் தங்க வைத்த அதே மண்டபம் முகாம் இவர்களையும் ஏற்றது. நாள் கணக்கில் தங்குவதற்குக் கட்டிய ஓரறை வீடுகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணம் முடித்தது. 2021-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு, முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரிட்டு, பழுதுற்ற வீடுகளைப் புதிதாகக் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. 2022-ஆம் ஆண்டு இலங்கையில் உணவும் எரிபொருளும் அரிதானபோது, தனுஷ்கோடி மணல்திட்டுகளில் மீண்டும் குடும்பங்கள் வந்திறங்கின.

நிறைவாக

2018-ஆம் ஆண்டு இந்திய அரசு, வளர்ச்சி நாடும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சேர்த்தவை இரண்டு: விருதுநகரும் இராமநாதபுரமும். உடல்நலம், கல்வி, உழவும் நீரும், பணிப்பயிற்சியும் நிதிச்சேவையும், அடிப்படை வசதிகள் எனும் ஐந்து துறைகளில் 49 அளவுகோல்களால் முன்னேற்றம் கணிக்கப்படுகிறது. கணக்கிடத் தொடங்கியதே ஒரு நன்மை. தங்கி வாழ்வோரும் எண்ணப்படுகின்றனர் என்பதற்கு அது அறிகுறி.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் பாம்பனில் செங்குத்தாக உயரும் கண்ணுடைய புதிய தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டது. நூறாண்டைக் கடந்த பழைய பாலம் தன் பணியை முடித்துக்கொண்டது. சேதுவைக் காத்தல் இக்கரையின் பழைய அறம். புதிய பாலம் அவ்வறத்தின் தொடர்ச்சியே. அதனோடு சேர வேண்டிய மற்றோர் அறமும் உண்டு. குடிலிருக்கும் மண்ணுக்குப் பட்டா, பாசி எடுப்பவளுக்குத் தொழிலுரிமை, தூர்ந்த ஊருணிக்குத் தூர்வாரல், இருகரை மீனவரும் அமர்ந்து பேச ஓர் இடம் என அதன் தேவைகள் மிகப் பெரியன அல்ல. ஒரு பாலத்தைச் செப்பனிட 46 நாள் போதும் என்று காட்டிய நாட்டிற்கு இவை அரியனவும் அல்ல.

கடுவன் மள்ளனார் பாட்டில் இராமனுக்கு ஆலமர நிழல் கிடைத்தது. பரதவர்க்கு அயிலை மீன் கிடைத்தது. வந்தவனுக்கு நிழலும் வாழ்பவனுக்கு உணவும் ஒரே கரையில் இடம்பெற்றன. வழியை மட்டும் நினைக்கும் வரலாறு அப்பாட்டின் பாதியையே படித்ததாகும். சிறுகுடியையும் சேர்த்துப் படிக்கும் வரலாறே சேதுக்கரையின் முழு வரலாறாகும்.